நமக்கு எப்படித் தெரியும்?

2023 மார்ச் முதல் வாரம் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லும் காணொலிகள் கைப்பேசிகளில் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அந்த மாநில அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பியது. அப்போது தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திர பாபு, பரவிய இரண்டு காணொலிகளைக் குறிப்பிட்டு விளக்கம் தந்தார். இரண்டும் முன்பே திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் நடந்த சம்பவங்கள். ஒன்றில் மோதிக்கொண்டவர்கள் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்கள். மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள்ளேயே நடந்த தகராறு. தமிழர் வடமாநிலத்தவரை அடித்த காட்சி இரண்டிலுமே இல்லை.

காட்சிகள் உண்மையாகவே எடுக்கப்பட்டவை. தலைப்புதான் பொய். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் பழக்கம் ஒரு மாணவருக்கு எங்கிருந்து வரும்? இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் நம் தொழிற்சாலைப் பகுதியில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. இங்குள்ள பள்ளிகளில் வீட்டில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பொய்த் தலைப்பு அந்த பெஞ்சை இரண்டாகப் பிரித்துவிடும்.

இதை வகுப்பில் எடுப்பதற்குக் காணொலி வேண்டாம். வன்முறைக் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டவும் கூடாது. ஒரு சாக்பீஸ் போதும். கரும்பலகையில் குச்சி மனிதர்கள் ஏழெட்டுப் பேரை வரையுங்கள். சிலர் கையில் தடி, ஒருவர் கீழே விழுந்து கிடக்கிறார், பக்கத்தில் ஒரு டீக்கடை, ஒரு பைக். படத்தின் கீழே முதலில் ‘திருடனைப் பிடித்த பொதுமக்கள்’ என்று எழுதுங்கள். அழித்துவிட்டு ‘கபடிப் போட்டியில் தகராறு’ என்று எழுதுங்கள். அதையும் அழித்துவிட்டு ‘வெளியூர்க்காரர்களை விரட்டினார்கள்’ என்று எழுதுங்கள். மூன்றில் எது சரி என்று கேளுங்கள்.

உயர்நிலை வகுப்பிலும் பெரும்பாலும் உடனே கை உயரும். ‘கடைசிது சார்’ என்பார் ஒருவர். ‘திருடன்தான் மிஸ், ஒருத்தன் கீழ கெடக்கிறான்ல’ என்பார் இன்னொருவர். அப்போது பலகையை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒன்றில் ‘படத்தில் தெரிவது’ என்றும் மற்றதில் ‘எழுத்து சொல்வது’ என்றும் தலைப்பிட்டு, அவர்கள் சொல்வதை எல்லாம் அவர்களையே பிரித்து எழுதச் சொல்லுங்கள். அடிக்கிறார்கள், தடி இருக்கிறது, கடை இருக்கிறது என்பவை முதல் பத்தியில் சேரும். யார், எங்கே, எப்போது, ஏன் என்ற நான்கும் இரண்டாம் பத்திக்குப் போய்விடும். கோபம் வரவைப்பவை அந்த நான்கும்தான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். நாம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் நமக்குக் கடினம்.

அதே வாரத்தில் ரயில்களில் வடக்கு நோக்கிக் கூட்டமாகப் போனவர்களைக் காட்டி, பயந்து ஓடுகிறார்கள் என்றும் செய்தி பரவியது. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8ஆம் தேதி. பண்டிகைக்கு ஊருக்குப் போகும் கூட்டம் எந்த ஆண்டும் உண்டு. பயந்து போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். ஆனால் ‘ரயிலில் கூட்டம்’ என்ற ஒரே உண்மைக்கு இரண்டு காரணங்கள் பொருந்தும்போது, அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? தீபாவளிக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கத்தில் நிற்கும் கூட்டத்தைப் படம் எடுத்து, ‘சென்னையை விட்டு ஓடும் மக்கள்’ என்று தலைப்பிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் சிரிப்பு வரும். புரிந்ததன் அடையாளம் அந்தச் சிரிப்பு.

தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டிலேயே தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை ஏற்படுத்தியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரிபார்ப்பு வந்து சேர்வதற்குள் செய்தி பத்துக் குழுக்களைத் தாண்டியிருக்கும். நடுவில் இருக்கும் அந்த நேரத்தை மாணவர் என்ன செய்கிறார் என்பதுதான் வகுப்பறையின் பொறுப்பு.

சொல்லில் உள்ள சிக்கல்

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் விமர்சனச் சிந்தனை. விமர்சனம் என்றதும் குறை சொல்வது என்றே பெற்றோரும், ஏன் நாமும், எடுத்துக்கொள்கிறோம். ‘உங்க பையன் எதையும் விமர்சனம் பண்றான்’ என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் அதை யாரும் பாராட்டாகக் கேட்க மாட்டார்கள். திறனாய்வுச் சிந்தனை என்று சொல்பவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். ஒரு கூற்று இருக்கிறது. அதற்கு ஓர் ஆதாரம் சொல்லப்படுகிறது. அந்த ஆதாரம் அந்தக் கூற்றைத் தாங்குமா என்று பார்ப்பது.

நமக்கு இது புதிதும் இல்லை. திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தில் 423ஆம் குறள் இதைத்தான் பேசுகிறது. வேடிக்கை என்னவென்றால், சொல்பவர் யார் என்று பாராமல் பொருளைப் பார் என்று கூறும் அந்தக் குறளை, ஆசிரியர் சொன்னார் என்பதற்காகவே மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள் நம் பிள்ளைகள்.

கேட்கும் தொனியையும் சொல்லியாக வேண்டும். தமிழில் ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்பது கேள்வியாக ஒலிப்பதில்லை. அதட்டலாகத்தான் ஒலிக்கிறது. வீட்டில் அதைக் கேட்ட பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ‘நமக்கு எப்படித் தெரியும்?’ என்று மாற்றிக் கேளுங்கள். ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது. ஆனால் ஆசிரியரும் அந்தக் கேள்விக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

பாதி உண்மை

பொய்ச் செய்தியை மறுப்பது எளிதான பகுதி. உண்மையும் பொய்யும் ஒரே செய்தியில் கலந்து வரும்போதுதான் சிந்தனைக்கு உண்மையான வேலை. அதற்கும் நம் பகுதியிலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது.

2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், பூந்தமல்லி அருகே தாங்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்ட உணவால் நோயுற்றனர். 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சில நாள்களில், தோழிகள் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப் வழியாகப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் உட்கார்ந்தனர். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிருடன் இருப்பதை அதிகாரிகள் காணொலி வழியாகக் காட்ட வேண்டியிருந்தது. இறப்புச் செய்தி பொய்.

இங்கே பாடத்தை முடித்துவிட்டால், ‘வதந்தியை நம்பி ஏமாந்த பெண்கள்’ என்ற ஒரு தலைப்பைத்தான் நாமே எழுதியவர்கள் ஆவோம். அதுவும் ஆதாரம் தாங்காத தலைப்பு. அதனால் மாணவர்களிடம் மூன்று கூற்றுகளைத் தனித்தனியாகக் கொடுங்கள்: உணவால் நோய் வந்தது; பலர் மருத்துவமனையில் இருக்கிறார்கள்; சிலர் இறந்துவிட்டார்கள். முதல் இரண்டும் உண்மை, மூன்றாவது பொய். ஒரே செய்திக்குள் இருந்த மூன்றையும் பிரித்த பிறகு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: மூன்றாவதை ஏன் நம்பினார்கள்? தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை என்பதே கோபத்தைக் கூட்டியது என்று அன்றைய செய்திகள் கூறின. பதில் வராத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது. சில நாள்களில் ஆப்பிள் நிறுவனமே, அந்த ஆலைத் தொழிலாளர்களின் விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் சில தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று அறிவித்து, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. ஆக, இறப்புச் செய்தி பொய், குறை உண்மை.

இந்தப் பாடத்தை நடத்தும் வகுப்பில், அக்காவோ சித்தியோ அப்படிப்பட்ட விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளை ஒருவர் இருக்கலாம். அவர் எதையாவது சொன்னால், அது நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று மென்மையாகக் கேட்டு, பலகையில் உரிய பத்தியில் எழுதுங்கள். அவர் சாட்சியே தவிர, குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல. எதையும் நம்பாதே என்று கற்றுக்கொள்ளும் பிள்ளை, எதையும் நம்பும் பிள்ளையை விட ஆபத்தானவர் என்பது என் கருத்து. உண்மையான புகாரையும் ‘எல்லாம் ஃபேக்’ என்று தள்ளிவிட அவருக்கு ஒரு சொல் கிடைத்துவிடுகிறது.

ஆலைக்குள் கேட்கும் ‘ஏன்’

நம் மாணவர்களின் பெற்றோரில் பலருக்கு ‘வொய்–வொய்’ என்றால் என்னவென்று தெரியும். கார், உதிரிபாக ஆலைகளில் பழுது வந்தால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கும் முறை அது. டொயோட்டா நிறுவனத்தில் உருவானது. அதன் உற்பத்தி முறையை வளர்த்த தாய்ச்சி ஓனோ சொன்ன எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. இயந்திரம் ஏன் நின்றது? சுமை கூடி ஃபியூஸ் போய்விட்டது. சுமை ஏன் கூடியது? பேரிங்குக்குப் போதிய எண்ணெய் போகவில்லை. ஏன் போகவில்லை? எண்ணெய் பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி பொருத்தாததால் இரும்புத் துகள் உள்ளே போயிருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும்.

ஆலையில் இந்தக் கேள்வியைக் கேட்கும் தொழிலாளிக்குப் பாராட்டு கிடைக்கிறது. அதே கேள்வியை அவர் மகள் வகுப்பில் மூன்றாவது முறை கேட்டால் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

ஆறாம் வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். பொருள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. குழாயடியில் எப்போதும் ஏன் சேறு? ‘ஒண்ணாவது பசங்க குழாய மூட மாட்டாங்க சார்.’ கவனித்துப் பாருங்கள், முதல் ‘ஏன்’ என்ற கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் யாரோ ஒருவர் பெயராகத்தான் இருக்கும். ஏன் மூடுவதில்லை? போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். திருகு இறுகியிருக்கிறது, சின்னக் கையால் திருப்ப முடியவில்லை என்று வந்து சொல்லக்கூடும். ஏன் இறுகியது? உப்பு படிந்திருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது ‘ஏன்’ வரும்போது ஆளைக் குறை சொல்வது நின்று, பொருளைப் பார்ப்பது தொடங்கியிருக்கும். நான் இந்த முறையை விரும்புவதற்குக் காரணம் அதுதான். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஐந்து ‘ஏன்’களும் ஒரே சங்கிலியாகப் போகும், வாழ்க்கையில் ஒரு விளைவுக்கு நான்கைந்து காரணங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். பெரிய வகுப்புகளில் ஒவ்வொரு ‘ஏன்’ கேள்விக்கும் இரண்டு பதிலாவது கேளுங்கள். சங்கிலி, கிளை விட்ட மரமாக மாறும்.

மூன்று நொடி

தொடக்கநிலை ஆசிரியர்கள், இதெல்லாம் பெரிய வகுப்புக்கு என்று நினைக்கலாம். நான்காம் வகுப்பில் ‘விதைக்கு உயிர் இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

‘இல்ல மிஸ்.’

‘நமக்கு எப்படித் தெரியும்?’

‘அது அசையல, சாப்பிடல.’

‘அப்போ அதுல இருந்து செடி எப்படி வருது?’

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகும். நமக்குப் பதற்றம் வரும். பதிலைச் சொல்லிவிடத் தோன்றும். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகள் இந்தப் பதற்றத்தைத்தான் அளந்தன. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள், மாணவர்களே கேட்கும் கேள்விகள் கூடுகின்றன. வீட்டுமொழி வேறாக இருக்கும் பிள்ளைக்கு, தமிழில் கேட்டதை மனதுக்குள் மாற்றிப் பதிலைத் தேடி மறுபடி தமிழில் சொல்ல, அந்த மூன்று நொடியும் போதாது. அவருக்கு ஐந்து கொடுங்கள்.

விதைக் கேள்விக்கான விடையை அன்றே சொல்ல வேண்டாம். ஈரத்துணியில் கொஞ்சம் பச்சைப்பயறு, வேகவைத்து ஆறிய பயறு கொஞ்சம், பக்கத்தில் இரண்டு கூழாங்கல். மூன்று நாளில் பிள்ளைகளே பேசுவார்கள். வேகவைத்ததை வைக்க மறந்துவிடாதீர்கள். ‘ஒரே பயறுதானே, அது ஏன் முளைக்கல?’ என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும்.

பட்டிமன்றத்தைப் பற்றியும் ஒரு சொல். மேடையில் பேசும் பயிற்சிக்கு அது நல்லது. ஆனால் அணியைச் சீட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு, எப்படியும் வெல் என்று சொல்லும் இடத்தில் ஆதாரத்தை எடை போடும் வேலை நடப்பதில்லை. நடத்துவதென்றால் முடிவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எதிரணி சொன்ன எந்தக் கருத்தால் உங்கள் எண்ணம் கொஞ்சமாவது மாறியது என்று ஒவ்வொரு பேச்சாளரையும் கேளுங்கள். கைதட்டலை அப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘இதுவும் சரி, அதுவும் சரி’ என்று சமாதானத் தீர்ப்பு சொல்லும் வழக்கமும் வேண்டாம். எந்தப் பக்கத்தின் ஆதாரம் வலுவானது என்று நடுவர் காரணத்தோடு சொல்லட்டும்.

பாடத்துக்குள்ளேயே

பாடப்பகுதியை முடிக்க வேண்டுமே என்ற கவலை நியாயமானது. பொதுத்தேர்வு வகுப்பு என்றால் இன்னும் நியாயம். எனவே தனி வகுப்பு தேடாமல் பாடத்துக்குள்ளேயே இடம் தேடுவதுதான் நடக்கக்கூடியது. கணக்குப் பாடத்தில் கனஅளவு வருகிறது. நம் ஊருக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மழைக்காலம் வந்தால் இந்த எண்களைக் கேட்காத வீடு இப்பகுதியில் இல்லை.

‘ஏரியில் 12 அடி தண்ணீர் இருக்கிறது. ஏரி பாதி நிரம்பிவிட்டதா?’ என்று எட்டாம் வகுப்பில் கேளுங்கள். 24இல் பாதி 12, எனவே பாதி ஏரி என்ற பதில் உடனே வரும். கணக்கு சரி, முடிவு தவறு. அதை வாயால் திருத்த வேண்டாம். சத்துணவுக் கூடத்திலிருந்து வாய் அகன்று அடி குறுகிய ஒரு கிண்ணமும் ஒரு டம்ளரும் வாங்கி வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு டம்ளர் ஊற்றியதும் தண்ணீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுத வேண்டும். பாதி உயரத்துக்கு ஆன டம்ளர்களை விட மேல் பாதிக்கு அதிக டம்ளர்கள் ஆகும். கரை நேர்ச்சுவராக இல்லாமல் சரிந்து அகலும் ஏரியிலும் அப்படித்தான். 12 அடியில் ஏரி பாதிக்கும் குறைவாகவே இருக்கும். 22 அடியில், 24க்கு 22 என்று வகுத்து வரும் ஏறத்தாழ 92 விழுக்காட்டை விடவும் கொள்ளளவு குறைவாகவே இருக்கும். கடைசி ஓரடி உயர, முதல் ஓரடியை விட மிக அதிகத் தண்ணீர் வேண்டும்.

இதற்குப் பிறகு ‘நியூஸ்ல சொல்றது அடியா, கனஅடியா சார்?’ என்று யாராவது கேட்பார்கள். உபரி நீரைத் திறக்கும்போது சொல்லும் ‘விநாடிக்கு இத்தனை கனஅடி’ என்பது இன்னொரு அளவு. மூன்றும் மூன்று கேள்விகளுக்கான விடைகள்: ஏரியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது, எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகமாக வெளியே போகிறது. அடையாற்றின் கரையில் வீடு இருக்கும் பிள்ளைக்கு மூன்றாவதுதான் முக்கியம் என்பதை வகுப்பே பேசித் தெரிந்துகொள்ளட்டும்.

சென்னைக் குடிநீர் ஏரிகளின் நீர்மட்டமும் இருப்பும் நாளிதழ்களில் அன்றாடம் வருகின்றன. குழுவுக்கு ஒரு வாரம் என்று பிரித்துக்கொண்டு, இரண்டு எண்களையும் குறித்து வந்து, வரைபடத்தாளில் கிடையாக அடியும் செங்குத்தாக மில்லியன் கனஅடியும் வைத்துப் புள்ளியிடச் சொல்லுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் வருகின்றனவா, மேலே வளைகின்றனவா என்று அவர்களே பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர் கடைசியில் தொடங்கினால் பொங்கல் விடுமுறைக்குள் தாள் நிறைந்துவிடும்.